ஆனிக் கடைசியில் காய்ச்சிய பால்

ஆடி மாசத்தில் சங்கரன்கோவிலில் வீட்டுச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? மழை பெய்து மூன்று மாசம் ஆகிறது. காற்று தெருப் புழுதியையெல்லாம் அள்ளிக் கொண்டுவந்து வாசலில் கொட்டுகிறது, கொடியில் போட்ட சேலை அரை மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்து விடுகிறது. அப்பேர்ப்பட்ட வறட்சியில், பின்கட்டு ரூமின் மேற்குச் சுவரில் பொன்செல்வி உள்ளங்கையை வைத்தாள். கை நனைந்தது. ஜில்லென்று, பிணவறைக் கதவைத் தொட்ட மாதிரி இருந்தது. நர்ஸ் வேலை பார்த்தவள், அந்தக் குளிர்ச்சி அவளுக்குத் தெரியும்.

"மாடித் தொட்டி ஒழுகுதோ என்னவோ. கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டணும்" என்றாள் அம்மா கோமதித்தாய், முன்கூடத்துப் பட்டாசலில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே. அப்பா போன பிறகு ஆறு வருஷமாக நைட்டி தைத்தே வீட்டை ஓட்டுகிறவள் அவள்.

மாடித் தொட்டி கிழக்குப் பக்கம் இருக்கிறது. பொன்செல்வி இன்னும் நெருங்கிப் போனாள். சுவரில் காதை வைத்தாள். உள்ளேயிருந்து டிக்... டிக்... என்று ஒரு சத்தம். இரும்பு சூடாகும்போது வருகிற சத்தம். பட்டென்று காதை எடுத்துக்கொண்டாள்.

அந்தச் சத்தம் அவளுக்கு ரெண்டு வருஷமாகப் பழக்கம். போனில் எப்சிபா பேசும்போதெல்லாம் பின்னால் கேட்கும். "ரூம் ஹீட்டர்ட்டி செல்வி. சூடாவும்போது இப்படித்தான் டிக் டிக்ங்கும். இதைக் கேட்டாதான் எனக்கு இப்ப தூக்கமே வருது" என்று டப்ளினில் இருந்து சிரிப்பாள்.

எப்சிபா புளியங்குடிக்காரி. அவள் அப்பாவுக்கு எலுமிச்சை மார்க்கெட்டில் கமிஷன் கடை. நர்சிங் படிக்கையில் நாலு வருஷமும் ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டில். யூனிபாரம் பையில் எப்போதும் ஒரு எலுமிச்சம்பழம் கிடக்கும், வார்டு நாற்றம் தாங்கவில்லையென்றால் நகத்தால் தோலைக் கீறி மோந்துகொள்வாள். முதலில் அவள் அயர்லாந்து போனாள். போனவள் சும்மா இருக்கவில்லை. பொன்செல்விக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தது அவள், இங்கிலீஷ் பரிட்சைக்கு ராத்திரி ராத்திரியாகப் போனில் பேசிப் பழக்கியது அவள், தன் ஆஸ்பத்திரியிலேயே வேலைக்குச் சொல்லி வைத்ததும் அவள்தான். செப்டம்பர் முதல் வாரம் போய்ச் சேர வேண்டும். அதற்குள் தங்குகிற விலாசம் ஒன்று காட்ட வேண்டும், இல்லையென்றால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். இங்கே திருநெல்வேலி ஆஸ்பத்திரி வேலையை விடுவதாகவும் எழுதிக் கொடுத்தாயிற்று.

"இங்கன ரூம் பாக்குததுல நேரம்தான்ட்டி எல்லாம்" என்று எப்சிபா சொல்லியிருந்தாள். "ரொம்ப முன்னாடி கேட்டா எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். பிந்திக் கேட்டா தெருவுலதான் நிக்கணும். வாரதுக்குச் சரியா நாலு வாரம் இருக்கையில கேளு. அதுக்கு முன்னால கேக்காத."

ஆனால் நாலு வாரம் என்றால் அது ஆடி மாசம். ஆடியில் வீடு பார்ப்பதா? அம்மா ஒரே பிடியாக நின்றுவிட்டாள். "சீமையில இருந்தாலும் வீடு வீடுதான். ஒண்ணு ஆனிக்குள்ள பேசி முடி. இல்ல ஆவணி பொறக்கட்டும்." ஆவணிக்குக் காத்திருந்தால் கையில் மூன்று வாரம்கூட இருக்காது. சரி என்று பொன்செல்வி ஆனியிலேயே தேட ஆரம்பித்தாள். நாற்பத்திமூன்று பேருக்கு எழுதினாள். ரெண்டு பேர் பதில் போட்டார்கள், இன்னும் நாள் இருக்கிறதே, பிறகு பார்க்கலாம் என்று.

அந்த வாரத்தில்தான் எப்சிபா டூட்டியில் மயங்கி விழுந்தாள். மூளைக்குள் ரத்தக்கசிவு. வென்டிலேட்டரில் போட்டுவிட்டார்கள். செய்தி சொன்னது எப்சிபா தங்கியிருந்த அதே வீட்டில் கீழ் ரூமில் இருக்கும் அனு, நாகர்கோவில் பெண்.

பொன்செல்வி அழுதாள். பொய்யில்லை, நிஜமாகவே அழுதாள். தினமும் அனுவிடம் விசாரித்தாள். டார்ச் அடித்தால் கண்மணி சுருங்குகிறதா? குழாயில் சளி எடுக்கும்போது இருமுகிறாளா? தானாக மூச்சு இழுக்கிறாளா? அனுவும் பாவம், பாசத்தில் கேட்கிறாள் என்று நினைத்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். நாலாம் நாள், கண்மணி சுருங்கவில்லை என்று பதில் வந்தது. அன்றைக்குப் பொன்செல்வி காலண்டரைப் பார்த்தாள். ஆனி முடிய மூன்று நாள். கண்மணி சுருங்காத கேஸ் எத்தனை நாள் தாங்கும் என்று ஏழு வருஷம் ஐ.சி.யூ-வில் நின்றவளுக்குத் தெரியாதா? விரல் விட்டு எண்ணியிருக்கிறாள். எண்ணினோம் என்பதை அவளால் இன்றுவரை தனக்குள்ளேகூட முழுசாகச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

அனுவுக்கு ரெண்டு வரி அனுப்பினாள். 'எப்சி எப்படி இருக்கா?' அதற்குப் பதில் வருவதற்கு முன்னாலேயே அடுத்தது. 'அவ ரூம் எப்ப காலியாவும்?'

அனுப்பிய மறு நிமிஷம் உடம்பெல்லாம் கூசிப்போய் அழித்துவிட்டாள். அழித்து என்ன செய்ய, அதற்குள் ரெண்டு நீலக் கோடு விழுந்துவிட்டது. ஒரு பகல் முழுக்கப் பதில் இல்லை. சாயங்காலம் அனுவிடம் இருந்து வந்தது. 'ஹவுஸ் ஓனர் கிட்ட சொல்லிட்டேன். உனக்கே தாரேன்னு சொல்லிட்டார்.' அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

ஆனிக் கடைசி நாள் காலையில் அம்மா பால் காய்ச்ச வேண்டும் என்றாள். "அங்கன போய்க் காய்ச்ச இப்ப ஆள் இல்ல. உன் ரூம்லயே வச்சுக் காய்ச்சுவோம். அதுவும் உன் ரூம், இதுவும் உன் ரூம்." பின்கட்டு ரூமில் சின்ன கேஸ் அடுப்பைத் தூக்கி வைத்தார்கள். ஜன்னலில் போனைச் சாய்த்து வீடியோ கால் போட்டார்கள். அங்கே விடிந்தும் விடியாத நேரம், அனு தூக்கக் கலக்கத்தோடு எப்சிபாவின் ரூமைக் காட்டினாள். சாய்வான கூரை. நீலப் பூப்போட்ட விரிப்பு. ஓதத்தில் ஊறிப்போன சுவர். கட்டிலுக்குக் கீழே ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு.

"யாரு செருப்பு அது?" என்று அம்மா கேட்டாள்.

"முன்னாடி இருந்த பிள்ளைக்குள்ளது. காலி பண்ணிட்டுப் போயிட்டாம்மா."

பொன்செல்வி சொன்ன அந்தப் பொய் அனுவின் காதிலும் விழுந்தது. அவள் கேமராவைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள். பால் பொங்கியது. அம்மா குலவை போட்டாள். அந்த நேரம் பார்த்துப் போனுக்குள் இருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தது. "ஜூலை மாசம் யாரும் ஹீட்டரே போட மாட்டோமே" என்று அனு முணுமுணுத்தது கேட்டது. எப்சிபா அப்போது உயிரோடு இருந்தாள். ரெண்டு தெரு தள்ளி, ஆஸ்பத்திரியில், வாயில் குழாயோடு.

ஆடி மூன்றாம் தேதி செத்துப் போனாள். உடம்பு ஊர் வந்து சேரப் பதினொரு நாள் ஆயிற்று. புளியங்குடிக்கு அரை மணி நேர பஸ். பொன்செல்வி போகவில்லை. காய்ச்சல் என்று போர்த்திப் படுத்துக்கொண்டாள். அம்மா மட்டும் போய்விட்டு வந்து மூக்கைச் சிந்தினாள். "அவங்க அம்மா உன்னையத்தான் கேட்டாட்டி. 'செல்வி வரலையா, அவளுக்கு ரூம் கிடைச்சிட்டா, எம்பிள்ள அதையே சொல்லிட்டு இருப்பாளே'ன்னு கேட்டு அழுதா." பொன்செல்வி போர்வையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது, அது யார் ரூம் என்று.

அடக்கம் முடிந்த மறுநாள்தான் சுவரில் ஓதம் வந்தது. அதற்கடுத்த நாள் சத்தம். அன்றைக்கே ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது பின்கட்டு ரூம் கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. டியூப்லைட்டை அணைக்க மறந்துவிட்டோம் என்று எழுந்து போனாள். டியூப்லைட் வெளிச்சம் இப்படியா இருக்கும்? மேகம் மூடிய பகல் வெளிச்சம் அது, சாம்பல் நிறத்தில், தரையில் விரல் நீளத்துக்கு விழுந்து கிடந்தது. கதவைத் திறந்தாள். உள்ளே கும்மிருட்டு. ஓதத்தோடு சேர்ந்து எலுமிச்சைத் தோல் வாடை. திறந்த வேகத்தில் சாத்தினாள். சாத்தியதும் மறுபடி கதவுக்கு அடியில் வெளிச்சம்.

அப்போது மணி எட்டு. டப்ளினில் மத்தியானம் மூன்றரை. கணக்கு தானாக ஓடியது. அவள் மனசு அப்படித்தானே, எதற்கெடுத்தாலும் நேரம் கணக்குப் போடும்.

அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமே. எந்த வாயால் சொல்வது? அன்றையில் இருந்து பட்டாசலில் பாயைப் போட்டு, புழுக்கம் என்று சாக்குச் சொல்லிப் படுத்தாள்.

மூன்றாம் நாள் ஆடித்தபசு, அம்மன் கோயில் திருவிழா.

ஊரே தெருவில் நின்றது. மத்தியானத்தில் இருந்தே குருவிகுளம், ராயகிரி பக்கமிருந்து வேன் வேனாக ஜனங்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள், தபசு மண்டபத்தில் நேர்த்திக்கடனாக வீசி எறிய வத்தலும் பருத்தியும் மடியில் கட்டிக்கொண்டு. அம்மா பட்டுச்சேலை கட்டி நின்றாள். "ஊருக்குப் போவப் போறவ. அம்மனைப் பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டு வாட்டி."

"தலை வலிக்கும்மா. நீங்க போயிட்டு வாங்க."

கோயில் வாசலில் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள், 'வீடு கிடைச்சிட்டாமே, ரொம்ப சந்தோஷம்' என்று. அதற்குச் சிரிக்க வேண்டும். அவளால் ஆகாது.

அம்மா போன பிறகு வீடு ரொம்பப் பெரிசாகிவிட்டது. தூரத்தில் மேளமும் மைக் சத்தமும் காற்றோடு வந்து வந்து அறுந்தன. மேற்குக் காற்று வாசல் தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பொன்செல்வி பட்டாசலில் எல்லா லைட்டையும் போட்டு, ஃபேனையும் போட்டு, தையல் மெஷினுக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்கட்டுப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை.

ஏழே முக்காலுக்குப் போன் அடித்தது. அனு. வீடியோ கால்.

"ரூம் ரெடி ஆயிட்டு. பாத்துக்கோ" என்றாள், முகத்தைக் காட்டாமல். சாய்வான கூரை. புதுசாக வெள்ளை அடித்த சுவர், ஓதம் பொட்டுக்கூட இல்லை. கட்டிலில் மெத்தைகூட இல்லை. "ஹீட்டர் சத்தமும் நின்னுட்டு. என்ன அதிசயமோ, எலுமிச்சை வாடையும் போயிட்டு. அவ சாமானெல்லாம் பெட்டியில போட்டு அனுப்பியாச்சு. செருப்பை மட்டும் காணல. வீடு பூரா தேடிட்டேன்."

"அனு..." என்றாள் பொன்செல்வி. "அன்னைக்கு நான் அனுப்பினது..."

"உனக்கு ரூம் வேணும்னு கேட்ட. கிடைச்சிட்டுல்லா" என்றாள் அனு. போனை வைத்துவிட்டாள்.

காது மடல் வரை சுட்டது. அங்கே ஓதம் இல்லை. சத்தம் இல்லை. வாடை இல்லை. செருப்பு இல்லை. எல்லாம் எங்கே போயிற்று?

கரண்ட் போனது.

ஃபேன் கிறுகிறுத்து நின்றது. தெரு லைட்டும் இல்லை. மைக் சத்தமும் அறுந்துபோய் வீடு மொத்தமும் இருட்டில் அமுங்கியது.

பின்கட்டில் மட்டும் வெளிச்சம்.

கதவுக்கு அடியில். சாம்பல் நிறத்தில். அந்த வெளிச்சத்தில் ரூம் வாசற்படியில் ஏதோ ஒன்று. ஒரு ஜோடி. நீல ரப்பர். நுனி உள்பக்கம் பார்த்து, வீட்டுக்குள் நுழைகிறவர்கள் கழற்றிப் போட்டபடி.

எழுந்து தெருவுக்கு ஓடியிருக்கலாம். வாசல் பத்து எட்டுதான், கதவு திறந்துதான் கிடந்தது, தபசு பார்த்துத் திரும்புகிற ஜனங்களின் பேச்சுகூடக் கேட்டது. ஆனால் கால் பின்கட்டுக்குப் போயிற்று. புளியங்குடிக்குப் போகாத கால்.

டிக். டிக்.

கதவைத் தள்ளினாள். குளிர் முகத்தில் அறைந்தது.

அவளுடைய கட்டில்தான். அதில் நீலப் பூப்போட்ட விரிப்பு. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் இல்லை, தூறல் விழுகிற சாம்பல் வானம். கட்டில் ஓரத்தில் எப்சிபா. மடியில் கைப்பை. முழங்காலைச் சேர்த்து வைத்து, ரூம் காலியாகக் காத்திருக்கிறவள் மாதிரி அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருந்தாள். தலையில் ஒரு பக்கம் மழித்திருந்தது. வாயின் ரெண்டு ஓரத்திலும் குழாயைப் பிடித்து ஒட்டிய பிளாஸ்திரியின் சதுரத் தடம்.

"செல்வி, எப்படி இருக்க?" குழாய் எடுத்த தொண்டையின் கரகரப்பு. பதிலுக்கு நிற்கவில்லை. "உன் ரூம் எப்ப காலியாவும்?"

ரெண்டு கேள்விக்கும் நடுவில் மூச்சு விடும் நேரம்கூட இல்லை. பொன்செல்வி அனுவுக்கு எழுதிய மாதிரியே.

"எப்சி... மன்னிச்சிருட்டி... எனக்கு வேற வழி தெரியல..."

"கேட்டது தப்பில்லட்டி" என்றாள் எப்சிபா. கோபமே இல்லை. "நாலு வாரம்னு சொன்னேம்லா. நீ ரொம்ப முன்னாடி கேட்டுட்ட. நான் அப்ப இருந்தேன். பால் பொங்கினது எனக்குக் கேட்டுது. அதுக்கப்புறம் எனக்கு அங்கன இடம் இல்ல." நகத்தால் எதையோ கீறினாள். எலுமிச்சை வாடை. "நீ ஊருக்குப் போவ இன்னையோட சரியா நாலு வாரம். அதான் கேக்கேன். எப்ப காலியாவும்?"

பொன்செல்வியால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. பயம்கூட இல்லை அது. வெட்கம். சதையைப் பிய்க்கிற வெட்கம். இவளுக்குக் கொடுக்கத் தன்னிடம் வேறு என்ன இருக்கிறது? எதையாவது கொடுத்தால் போதும், எதையாவது.

"இப்பவே" என்றாள். "இப்பவே எடுத்துக்கோ."

எப்சிபா தலையாட்டினாள். கைப்பையைக் கட்டிலுக்குக் கீழே வைத்தாள். காலைத் தூக்கிக் கட்டிலில் போட்டாள். சுவர்ப்பக்கமாகத் திரும்பி, விரிப்பை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டாள்.

கரண்ட் வந்தது.

வாசலில் கொலுசுச் சத்தம். அம்மா. கையில் பிரசாதத் தட்டு, நெற்றி நிறைய குங்குமம். "கூட்டம்னா அப்படிக் கூட்டம். சாமி வந்த நேரம் எம்மாடி, எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு" என்று பேசிக்கொண்டே பட்டாசலைத் தாண்டி வந்தாள்.

"அம்மா" என்றாள் பொன்செல்வி.

அம்மா அவள் தோளை உரசிக்கொண்டு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. ரூமுக்குள் எட்டிப் பார்த்து, "என்னட்டி செல்வி, தலைவலி விட்டுட்டா? இன்னும் போத்திட்டுப் படுத்திருக்க" என்றாள், கட்டிலைப் பார்த்து.

"அம்மா. இங்கன பாருங்க. அம்மா."

சத்தம் வரவில்லை. வாய் மட்டும் அசைந்தது. வாயின் ரெண்டு ஓரமும் எதுவோ ஒட்டியிருந்த மாதிரி இழுத்தது.

அம்மா கீழே குனிந்தாள். ரூம் வாசற்படியில் நீல ரப்பர் இல்லை. பொன்செல்வியின் பழைய தோல் செருப்பு, வார் பிய்ந்து அம்மாவே தைத்துக் கொடுத்த செருப்பு, நுனி வெளிப்பக்கம் பார்த்துக் கிடந்தது.

"யாரு செருப்பு இது?"

விரிப்புக்குள்ளே இருந்து பதில் வந்தது. கரகரப்பு இல்லை. பொன்செல்வியின் குரல்தான் அது, அச்சு அசலாக.

"முன்னாடி இருந்த பிள்ளைக்குள்ளது. காலி பண்ணிட்டுப் போயிட்டாம்மா."

அம்மா செருப்பை ரெண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் போட்டாள். உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள். பிறகு, "ஒரு வாய் பால் காய்ச்சித் தாரேன், குடிச்சிட்டுப் படு" என்று சொல்லிக்கொண்டே, நடுவீட்டில் நின்ற மகளின் ஊடாகவே நடந்து, அடுக்களைக்குள் போனாள்.